குறைத்துக் கேட்டல் குற்றமாகுமா?

ஒருவர் தம் பொருளுக்கு உரிய மதிப்பைவிட மிகத் தாழ்த்தி விலை கேட்கப்பட்டால், "அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான்" என்று மனம் புழுங்கிச் சொல்வது நம் நாட்டு வழக்கு. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் இல்லங்களிலும் இச்சொல் தயக்கமின்றி வழங்குகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சொற்பொருள் எழுதிப் போட்டவள் நான்; இந்தச் சொல்லின் பொருளை மட்டும் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆவணித் திங்களில் என் தமக்கையின் பேரன் வாயிலிருந்து அது சினத்தோடு வெளிப்பட்டபோதுதான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

அவன் சென்னையில் கணினித் தொழில் செய்பவன். விடுமுறைக்கு வானூரில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தான். திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருந்தவன் திடீரென்று, "பாட்டி, பத்து இலட்சம் பெறுமான பொருளை ஒருவன் மூவாயிரத்துக்குக் கேட்கிறான், அடிமாட்டு விலை!" என்றான். நிலமா, மனையா என்று கேட்டேன். "இல்லை பாட்டி, ஒரு பெயர்" என்றான்.

பெயரை விற்பதும் உண்டோ என்று வியக்கும் மூத்த வாசகர்களுக்காகச் சில சொற்கள். இணையத்தில் கடை விரிப்பவர்க்கும் செய்தி தருபவர்க்கும் ஒரு முகவரிப் பெயர் வேண்டும். இளைஞர்கள் அதனை 'டொமைன்' என்பர். ஒரு பெயர் உலகம் முழுமைக்கும் ஒருவருக்கே உரியது. முந்திப் பதிந்தவர் எவரோ அவருக்கே அது. ஆயினும் அதனை ஒரேயடியாகக் கிரயம் பெற முடியாது. குத்தகை நிலத்துக்கு வாரம் அளப்பதுபோல, ஆண்டுக் கட்டணம் செலுத்திக் காத்துவர வேண்டும். செலுத்தத் தவறினால் அது பிறர் எவர்க்கும் போய்விடும். நம் வீட்டு அடுக்களைகளில் அன்றாடம் புழங்கும் ஒரு பண்டத்தின் பெயரை 2016இல் அவன் இவ்வாறு பதிந்து வைத்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டி வந்திருக்கிறான். அப்பெயரில் கடையும் இல்லை, செய்தியும் இல்லை. வேலியிட்ட தரிசு நிலம்போல் சும்மா கிடக்கிறது. அதைத்தான் முகமறியாத ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்குக் கேட்டு எழுதியிருந்தார்.

அவன் எழுதி வைத்திருந்த மறுமொழியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். மூன்றே வாக்கியங்கள். முதலாவது, கேட்டவரின் அறிவை இகழ்ந்தது. இரண்டாவது, வேறொருவர் ஏற்கெனவே இரண்டு இலட்சம் தர முன்வந்ததாகக் கூறியது. மூன்றாவது, பத்து இலட்சத்துக்குக் குறைந்து பேச வேண்டாம் என்றது. "இரண்டு இலட்சம் கேட்டவர் யார்?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படி ஒருவருமில்லை பாட்டி. பேரத்தில் அப்படிச் சொல்வது வழக்கம்" என்றான்.

அவன் சினத்துக்குக் காரணம் மூவாயிரம் ரூபாயா? இல்லையென்றே எனக்குத் தோன்றிற்று. 2019ஆம் ஆண்டில் 'வாய்ஸ் டாட் காம்' என்னும் பெயரை மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று கோடி டாலருக்கு விற்றதை அவன் எனக்குக் காட்டினான். இத்தகைய செய்திகளைப் படிக்குந்தோறும் பெயர் வைத்திருப்பவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு மாடி எழும்பிவிடுகிறது. கேட்பாரற்றுக் காலாவதியாகும் பெயர்களைப் பற்றி எவரும் செய்தி எழுதுவதில்லை. மூவாயிரம் என்ற சொல் அவன் கையிலிருந்த எதையும் பறிக்கவில்லை. மனத்தில் கட்டிய மாடியைத்தான் இடித்தது. பரிக்கிரகம் என்பது பொருளில் இல்லை, பொருள்மேல் வைத்த பற்றில் இருக்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்திருப்பதன் பொருள், என் எழுபத்தைந்தாம் வயதில், கையால் தொடமுடியாத ஒரு சொத்தைக் கொண்டு எனக்கு விளங்கிற்று.

அன்றியும், மூவாயிரம் தாழ்ந்த விலை என்பதற்கு அளவுகோல் எது? நிலத்துக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு உண்டு. பொன்னுக்கு நாள்தோறும் விலை அறிவிக்கிறார்கள். நம் வேர்க்கடலைக்கும் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. ஊரார் அதனைக் கமிட்டி என்பர். அங்கே மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகள் ஒருவர் எழுதியதை ஒருவர் அறியாதபடி விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். திறந்து பார்த்து எது மிகுதியோ அதனை அறிவிப்பார்கள். அந்த விலை தமக்குக் கட்டாது என்று விவசாயி கருதினால் மறுத்துவிடலாம், வற்புறுத்துவாரில்லை. மிகக் குறைத்து எழுதிய வியாபாரியின் சட்டையை எவரும் பிடிப்பதில்லை, அவர் சீட்டு ஒதுக்கப்படும், அவ்வளவே. பெயருக்கோ கமிட்டியும் இல்லை, வழிகாட்டி மதிப்பும் இல்லை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாததால் பக்கத்துப் பெயரின் விலையும் துணைக்கு வாராது. நம் ஆகமம் நால்வகை நிக்ஷேபங்களுள் நாம நிக்ஷேபத்தை முதலில் வைக்கிறது. பொருளின் குணத்தை நோக்காமல், வழங்குதற்கென்று மட்டும் இடப்படுவது அது. ஒரு பிள்ளைக்குக் குபேரன் என்று பெயரிட்டால் வீட்டில் நெல் நிறைந்துவிடாது. வெறும் பெயருக்குப் பத்து இலட்சம் என்பது எவ்வளவு நியாயமோ, மூவாயிரம் என்பதும் அவ்வளவு நியாயமே.

இவ்விடத்தில் கனடா நாட்டுப் பள்ளி மாணவன் ஒருவனின் கதையைப் பேரன் சொன்னான். விக்டோரியா நகரத்தில் மைக் ரோ என்ற பதினேழு வயதுப் பையன். 2003இல் தன் பெயரோடு 'சாஃப்ட்' என்பதைச் சேர்த்து ஓர் இணையப் பெயர் பதிந்தான். வாய்விட்டுச் சொன்னால் மைக்ரோசாஃப்ட் என்றே காதில் விழும். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அப்பெயரைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிப் பத்து டாலர் தருவதாகக் கூறினர். அவன் பதிவுக்குச் செலவிட்ட தொகை அவ்வளவே. இவ்வளவு பெரிய நிறுவனம் பத்து டாலர் தருவதா என்று புண்பட்ட பையன் பத்தாயிரம் கேட்டான். வந்தது இருபத்தைந்து பக்க அறிவிப்பு. பணம் பறிக்கவே பெயரைப் பதிந்தான் என்பதற்கு அவன் கேட்ட பத்தாயிரத்தையே சான்றாகக் காட்டினர். 2004 சனவரியில் செய்தி உலகெங்கும் பரவி, பலரும் பையன் பக்கம் நிற்கவே, நிறுவனம் இறங்கிவந்தது. புதிய தளத்துக்கு ஆகும் செலவும், ஒரு விளையாட்டுப் பொறியும், சில பயிற்சி வசதிகளும் தந்து பெயரைப் பெற்றுக்கொண்டது.

இக்கதையில் என் நெஞ்சைத் தைத்தது ஒன்றுண்டு. பத்து டாலர் என்பது செலவுக் கணக்கின்படி சரியான தொகையே. ஆயினும் அவனை அது அவமதித்தது. ஏனெனில் கொடுப்பவரின் பெருமையைக் கொண்டுதான் நாம் தொகையை அளக்கிறோம். இரவலன் ஒரு ரூபாய் ஈந்தால் கண்கலங்குகிறோம்; செல்வன் ஈந்தால் முகம் சுளிக்கிறோம். பையனின் சினம் இயல்பானதே. ஆனால் அந்தச் சினம் கேட்ட தொகைதான் அவனுக்குப் பகையாயிற்று.

இணையப் பெயர் வழக்குகளில் தீர்ப்புக் கூறுவோர் நோக்குவதும் உள்ளக் கருத்தையே என்பதைப் பின்னர் அறிந்தேன். 1999இல் வகுக்கப்பட்ட உலகப் பொதுவிதியின்படி, பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. வைத்திருப்பவர்க்கு நியாயமான உரிமை இல்லை என்பதும், தீய எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தினார் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். நம் உச்சநீதிமன்றமும் 2004இல் சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில், இணையப் பெயர் வெறும் முகவரி அன்று, வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள் பாவத்தை, அதாவது செயலுக்கு முன்னுள்ள மனநிலையை, ஆராய்வதைக் காண நம்மவர்க்குச் சற்றே பெருமிதமாக இருக்கும்.

நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு நடந்ததும் நினைக்கத்தக்கது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் என்றேனும் ஒன்றாகும் என்று முன்னறிந்து, தில்லியில் ஓர் இளைஞர் அவ்விரு பெயரையும் இணைத்துப் பதிந்து வைத்திருந்தார். கேம்பிரிட்ஜில் பயிலத் தமக்கு 93,345 பவுன் வேண்டும் என்று, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் வேண்டும் என்று, அப்பெயரிலேயே வெளிப்படையாகக் கடிதம் எழுதி வைத்தார். ரிலையன்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. பிறகு அப்பெயர் துபாயில் வாழும் இரு சிறுவர்கள் கைக்கு மாறியது, அண்ணனும் தங்கையும். அவர்கள் சில நாள் கழித்து, பணம் ஏதும் வேண்டாமல் அதனை அந்நிறுவனத்துக்கே அளிக்க விரும்புவதாக அறிவித்தார்கள். விளம்பரம் என்றனர் சிலர். இருக்கலாம். ஒரு கோடிக்கும் சுழியத்துக்கும் இடையே எங்கே நிற்பது என்று எவரும் கட்டளையிடாதபோது அப்பிள்ளைகள் சுழியத்தைத் தேர்ந்தார்கள் என்பது மட்டும் எனக்குப் போதும்.

இவ்வளவும் பேரனிடம் பேசிக்கொண்டிருக்கையில் என் உள்ளத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதனை இப்பக்கங்களில் எழுதுவதா வேண்டாவா என்று பல நாள் தயங்கினேன்.

1980களில் மழை பொய்த்த ஓர் ஆண்டு. எங்கள் கொல்லைக்கு அடுத்தாற்போல் ஒரு காணி சவுக்குத் தோப்பு. அதற்குரியவர் தம் மனைவியைப் புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மாலைப் பேருந்தில் வந்து எங்கள் வாசலில் நின்றார். நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் கணவர் விலை சொன்னார். அன்று ஊரில் நடந்த விலையில் ஏறத்தாழப் பாதி. அடுக்களையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியை, மாதச் சம்பளம் வாங்குபவள், ஒருவேளை நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் விலை ஏறியிருக்கும். அவர் அரை நாழிகை பேசாதிருந்தார். பிறகு ஒப்புக்கொண்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாம் முறைப்படி நடந்தன. திரும்புகையில் அவர் எங்களை நோக்கிக் கைகூப்பி, "காலத்தில் உதவினீர்கள்" என்றார்.

அந்தக் கைகூப்பல்தான் இன்றளவும் என்னை விடவில்லை. ஆரோவில் நகரும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வந்து வானூர் வட்டத்து நிலமெல்லாம் விலையேறிய பின்னர், என் கணவர் மறைந்த ஆண்டில், அவர் மகனைத் தேடிச் சென்று அன்று குறைத்த தொகையைக் கணக்கிட்டுக் கொடுக்க முயன்றேன். "அப்பா மனமொப்பித்தானே கொடுத்தார் அம்மா" என்று மறுத்துவிட்டார். இரண்டாம் முறை நான் வற்புறுத்தவில்லை. அவர் மறுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மனமொப்பிக் கொடுத்தாரா? இங்கேதான் நம் நூல்களின் நுண்மையைக் காண்கிறேன். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது தத்துவார்த்த சூத்திரம்: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், ஒழுங்கு குலைந்த நாட்டில் முறை கடந்து நடத்தல், கள்ள அளவை, போலிச் சரக்கு. இவற்றுள் மூன்றாவதற்குச் சர்வார்த்த சித்தி உரையில் பூஜ்யபாதர் தரும் விளக்கம் சிறுமியாக இருந்தபோது எனக்குப் புரிந்ததில்லை. நாடு குழம்பியிருக்கும் வேளையில் விலைமதிப்புள்ள பொருள்கள் சிறுவிலைக்குக் கிடைக்குமென்று முயல்வதை அவர் அங்கே வைக்கிறார். விற்றவன் ஒப்பினானா, பத்திரம் பதிவாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. குழப்பத்தில் மலிவு தேடியதையே களவின் வாயிலாகக் காண்கிறார். நாடு குழம்புவதற்குச் சொன்னது ஒரு வீடு குழம்பும்போதும் பொருந்தாதா? மருத்துவமனையில் மனைவி கிடக்கும் வீட்டைவிட ஒழுங்கு குலைந்த நாடு எது?

இப்போது 'அடிமாட்டு விலை' என்ற சொல்லுக்கு வருகிறேன். கறவை நின்ற பசுவுக்கும் உழைத்துத் தேய்ந்த எருதுக்கும் ஏன் அந்த விலை? அது உழைத்த உழைப்பை எவரும் எண்ணுவதில்லை, எடையைத்தான் எண்ணுகிறார்கள். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. உரியவனால் இனி அதற்குத் தீனி போட முடியாது. நாளை வா என்று அவனால் சொல்ல இயலாது என்பதைச் சந்தையில் கேட்பவன் அறிந்திருக்கிறான். விலையைத் தாழ்த்துவது அந்த அறிவுதான். பேரனிடம் இதைச் சொல்லி, "உன் பெயர் வைக்கோல் தின்கிறதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். வேண்டாமென்று ஒரு சொல் சொன்னால் அவனுக்கு ஒரு குறைவுமில்லை. பெயர் அவனிடமே கிடக்கும். அப்படிப்பட்டவனிடம் மூவாயிரம் கேட்பது, கமிட்டியில் குறைத்தெழுதிய சீட்டுப் போன்றது. என் வாசலில் நின்றவர்க்கு வேண்டாமென்று சொல்ல வாயில்லை. அவருக்கு நாங்கள் சொன்னதுதான் அடிமாட்டு விலை. நெடுநாள் அச்சொல்லை அவர் எங்களைப் பற்றிச் சொல்லாமலிருந்தது அவர் பெருந்தன்மை.

பேரன் எளிதில் விடுபவன் அல்லன். "அப்படியானால் நான் பத்து இலட்சம் கேட்பதும் குற்றமில்லையே? வேண்டாமென்றால் அவர் வேறு பெயர் தேடிக்கொள்ளட்டும்" என்றான். நல்ல கேள்வி. பண்டத்தின் பொதுப்பெயர் ஆகையால் கேட்பவர்க்கு வேறு வழிகள் உண்டு. ஆகவே எத்தனை இலட்சம் கேட்டாலும் அது பேராசையாகலாம், பறித்தலாகாது. ஆனால் ஒருவர் இருபது ஆண்டு உழைத்து நற்பெயர் ஈட்டிய கடையின் பெயரையே அவர்க்கு முன் சென்று பதிந்து வைத்துக்கொண்டு விலை பேசினால்? அங்கே வேண்டாமென்று சொல்ல முடியாதவர் வாங்குபவரே. அப்போது உயர்த்திக் கேட்பவன், அன்று என் வீட்டுத் திண்ணையில் தாழ்த்திக் கேட்டவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறான். தொகை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை நான் இப்போது இரண்டாவதாகவே பார்க்கிறேன்.

வாய்மை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய பேரங்களில் வாங்குபவர், தாம் மாணவர் என்றும் கையில் பணமில்லை என்றும் எழுதுவதுண்டாம்; பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருக்கும். விற்பவர், இல்லாத போட்டியாளரை உண்டாக்குவார். இருவரும் இதனைப் பொய்யென்று கருதுவதில்லை, பேரம் என்கிறார்கள். தம்மை யாரென்று சொல்லாதிருப்பது வேறு. தாம் அல்லாத ஒருவராகச் சொல்வது வேறு. ஆகக் குறைந்த விலை எவ்வளவென்று வெளியிடாமல் மனத்தில் வைத்துக்கொள்ளலாம், அது மௌனம். இரண்டு இலட்சம் கேட்ட ஒருவரைப் படைப்பது மௌனமன்று. மூவாயிரம் கேட்டவரிடம் நான் குற்றம் காணவில்லை. பேரனின் இரண்டாவது வாக்கியத்தில்தான் கண்டேன்.

பழக்க தோஷம், தாளை வாங்கிச் சிவப்பு மையால் திருத்தினேன். முதல் வாக்கியத்துக்குப் பதிலாக, கேட்டதற்கு நன்றி. இரண்டாவது முழுவதும் நீக்கம். மூன்றாவதில், இவ்விலைக்குத் தர இயலாது, எண்பதாயிரம் என்றால் பேசலாம், இப்பெயரை எதற்காக வேண்டுகிறீர்கள் என்று தெரிந்தால் மகிழ்வேன் என்றிருந்தது. எண்பதாயிரம் அவன் கணக்கு. பத்து இலட்சத்திலிருந்து அங்கே அவனாகவே இறங்கினான், நான் கேட்கவில்லை. எதற்காக என்ற கேள்வியைச் சேர்த்தது நான். சிறுதொழில் செய்யும் மகளிர் குழுவோ என்னவோ, யார் கண்டது என்று எனக்கு ஓர் எண்ணம்.

பதினொரு நாள் கழித்து மறுமொழி வந்தது. ஐயாயிரம் வரை தரலாம் என்றிருந்தது; எதற்காக என்பதற்கு விடையில்லை. இவன் அறுபதாயிரம் என்று எழுதினான். அதன்பின் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ஐப்பசியில் அவன் மீண்டும் வந்திருந்தபோது, கேட்டவர் வேறொரு பெயரைப் பதிந்துகொண்டிருக்கக்கூடும் என்றான். "ஐயாயிரத்துக்கே கொடுத்திருக்கலாமோ பாட்டி?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த கட்டணம் தை மாதம் கட்ட வேண்டுமாம். சவுக்குத் தோப்பின் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அவனிடம் காட்டினேன். அதிலிருந்த தொகையைப் படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.